யோர்க் ஹோலில் ஒரு வடசேரியான்

பெத்னல் கிறீன் நிலக்கீழ் ரயில் நிலையத்தால் ஏறி வந்து கொஞ்சத் தூரம் நடந்தால் யோர்க் ஹோல். 1929இல் திறந்த மண்டபம். லண்டன் குத்துச்சண்டைக்காரரின் தாய்வீடு. றெவல்யூஷன் புறோ என்ற சின்னக் கம்பனி அங்கே மல்யுத்தம் போடும் நாட்களில் வேறு எந்த அலுவலும் எனக்கு இல்லை.

ஒரு காலத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஐரிவியில் மல்யுத்தம் பார்க்க இங்கிலாந்தே குந்தியிருந்தது. 1988இல் அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு இந்தக் கலை ஊர் மண்டபங்களில்தான் உயிர் பிழைத்தது.

"அதெல்லாம் நடிப்புத்தானே மாமா" என்பான் மருமகன். முன்வரிசையில் இருந்து பார்க்கவேண்டும். இரும்புச் சட்டத்துக்கு மேலே பலகை, அதற்கு மேலே மெல்லிய பஞ்சு, கன்வஸ். மல்லாக்க விழுகிறவர் நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தளத்தில் ஓங்கி அறைவார். விழுந்த அடி உடம்பெல்லாம் பரவிப் போக. நாடியை ஒருக்கால் தூக்கினால் பிடரி போகும். நெஞ்சில் விழுகிற அறைக்கு ஐந்து விரலும் சிவப்பாய்ப் பதியும். வெல்வது ஆர் என்பது பேசி வைத்ததுதான். அந்த நோவை ஆரும் பேசி வைக்கவில்லை.

நான் மட்டக்களப்புத் தேற்றாத்தீவான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊரில் கொம்புச்சந்திப் பிள்ளையாரைத் தெரியாத பிள்ளை இல்லை. மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்புகள் இரண்டைக் கொழுவிக் கயிறு பூட்டி இழுப்பார்கள். ஒன்று முறிந்ததும், வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டாலேயே வாட்டி எடுக்கும். வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இன்றைக்கு அதைக் காண்பது அருமை. யோர்க் ஹோலில் சனம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் ஒருவன் பேரையும் மறுபக்கம் மற்றவன் பேரையும் மாறிமாறிப் பாடத் தொடங்கியபோது எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. வடசேரியானாய்ச் சேர்ந்து பாடினேன். வேலைத்தலத்திலும் பஸ்ஸிலும் குரலைத் தாழ்த்தியே பழகிப்போன நாட்டில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் தோளில் கைபோட்டு நான் தொண்டை கிழியக் கத்துகிற இடம் இது ஒன்றுதான்.

இந்த மண்டபத்தில் நான் பார்த்த மல்லர்களில் ஒருவர் ஸக் சேபர் ஜூனியர், ஷெப்பி தீவுப் பொடியன். பதினான்கு வயதில் பழகத் தொடங்கியவர். கையையும் காலையும் மடக்கி முடிச்சுப் போடும் பழைய இங்கிலாந்துப் பாணி அவருடையது. ஆளைத் தூக்கி எறியாமல் ஒரு மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மண்டபத்தையே அடக்கி வைப்பார். 2024 ஒக்டோபர் 14இல் தோக்கியோவில் நியூ ஜப்பான் கம்பனியின் உலகப் பட்டத்தை வென்றார். சின்ன மண்டபங்கள் வளர்த்த பிள்ளை!

ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்துச் சொந்தங்களே, அமெரிக்கக் கம்பனி வந்தால் பவுணைப் பார்க்காமல் ஓ2 அரங்குக்குப் போகிறீர்கள். ஒருமுறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெத்னல் கிறீனுக்கு வாருங்கள். இடைவேளையில் மல்லர்களே மேசை போட்டு நின்று ரீசேட் விற்பார்கள். ஒன்று வாங்குங்கள். அந்தக் காசு, சற்றுமுன் உங்கள் கண்முன்னே விழுந்தெழும்பியவரின் கைக்கே நேரே போகிறது.