அவிழ்த்துவிட்ட கயிறு



மதரஸாவில் ஒருநாள் திருமறையின் 100ஆவது அத்தியாயத்தை ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'அல் ஆதியாத்' என்னும் அதன் பெயரே விரைந்தோடும் குதிரைகளைக் குறிப்பதாகும். ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், குதிரையில் தொடங்கி மனிதனின் நன்றிகேட்டுக்கு ஏன் வருகிறது?" என்று கேட்டான். விரிவுரைகளில் படித்ததைச் சொல்லி அமர வைத்தேன். ஆனால் என் நெஞ்சம் வேறொரு விடையை அறிந்திருந்தது.

என் தகப்பனார் திருவண்ணாமலையில் குதிரை வண்டி ஓட்டியவர். எங்கள் வீட்டு உலையும் என் பள்ளிச் சம்பளமும் அந்தக் குதிரையின் கால்களிலிருந்து வந்தவை. ஆட்டோக்கள் பெருகியதும் பிழைப்பு நலிந்தது. கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வரும். எங்கள் குதிரையையும் கொண்டுபோய் நிறுத்தினோம். முதிர்ந்து, ஒரு கால் நொண்டிய அதை எவரும் விலை கேட்கவில்லை. மறுநாள் இரவு ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரைக்கு ஓட்டிச் சென்றோம். எனக்கு அப்போது 12 வயது.

"அத்தா, வேண்டாமே!" என்றேன்.

"அதுக்குப் போட நம்மகிட்ட என்ன இருக்கு தம்பி?" என்றார்.

கயிற்றை அவிழ்த்தது என் கை. பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தபோது அது எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அன்றிரவு இன்னும் தொலைவில் கொண்டுபோய் விட்டோம். பிறகு அது வரவில்லை. அத்தா அதைப் பற்றிப் பேசவேயில்லை.

சென்ற ஆண்டு நாகூரில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றவன், கோடியக்கரைக்கும் போய் வந்தேன். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே பரந்த சதுப்பு நிலம். ஏறக்குறைய ஒரு தீவுதான். சோழர் காலத்தது எனப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் சரிந்துபோயிற்று. 1967இல் சரணாலயமான அக்காட்டில், வெளிமான்களுக்கிடையே மட்டக்குதிரைகள் திரிகின்றன. மானுக்குரிய புல்லையும் நீரையும் இவை பங்கிட்டுக்கொள்கின்றன என்பது இவற்றின் மீதுள்ள குறை. ஆனால் இவை காட்டிலே தோன்றியவையல்ல. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்தவற்றின் வழிவந்தவை. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது அவிழ்த்து ஓட்டிச் செல்ல இவற்றுக்கு ஓர் எசமானன் இல்லை.

கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவிலும் இதே கதைதான். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அங்கே குதிரைகளை வளர்த்தனர். ஆண்டவர்கள் கப்பலேறினர், குதிரைகள் தங்கிவிட்டன. முருகைக்கல்லால் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்று பாழடைந்து நிற்க, அவற்றின் சந்ததி கோடையில் நீரின்றித் தவிக்கிறது.

குதிரை நமக்கு அயலானதன்று. இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரனைச் சுட்டுவது. அரபுக் குதிரைகள் காயலில் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் 2000க்கு மேல் வாங்கியும், பேணத் தெரியாமையால் ஆண்டிறுதியில் 100கூட மிஞ்சவில்லை என்பதும் அவர் குறிப்பே. வாங்கத் தெரிந்த நமக்கு, அன்றுமுதலே வைத்துக் காக்கத் தெரியவில்லை போலும்!

கோடியக்கரையில் விலா எலும்பு தெரிய நின்ற ஒரு கிழட்டுக் குதிரை என்னையே பார்த்தது. நான் கையை நீட்டினேன். அது அருகே வரவில்லை, ஓடவுமில்லை.

ஊர் திரும்பியதும் அந்தச் சிறுவனை அழைத்து, ஏரிக்கரைக் கதை முழுவதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தவன், "அது திரும்பி வந்ததே ஹஜ்ரத்!" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் விடையில்லை.

இப்போது மதரஸா வாசலில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. சந்தை நாள்களில் வழிப்போகும் கால்நடைகளுக்காக மாணவர்கள் நீர் நிரப்புகிறார்கள். முதல் குடத்தை மட்டும் நானே ஊற்றுகிறேன்.