எத்தனாவது?

வல்லத்தில் இருந்துகொண்டு செஞ்சி வட்டாரம் முழுக்க இருபது வருஷத்துக்கு மேல் நிருபர் வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. அச்சான வரிக்குத்தான் காசு. மல்லாட்டை விலை, ஏரி உடைப்பு, ராஜகிரி மலையில் வழுக்கி விழுந்த சுற்றுலாப் பயணி, ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை, எல்லாம் என் கையில் ஒரே தினுசாகத்தான் செய்தியாகும். கடைசியாகச் சொன்னதில் நான் செய்த தப்பை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வல்லத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். பேர் வேண்டாம். அந்தப் பெண் புகார் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டே பேசினார். நடந்ததைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களைச் சொன்னார். கட்டியிருந்த புடவையை ஸ்டேஷனில் சாட்சியத்துக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்களாம். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது, தவணை இன்னும் பாக்கி. “மாடு எப்பவும் போல கிட்ட வந்து மோந்து பாக்குது. மனுஷங்கதான் ஒதுங்கி நிக்கிறாங்க” என்றார். நோட்டில் நாலு பக்கம் எழுதிக்கொண்டேன்.

அனுப்பியது பதினாலு வரி. அதற்கு முன் ஒரு போலீஸ் அதிகாரிக்குப் போன் போட்டு, “இந்த வருஷம் மாவட்டத்துல இது எத்தனாவது சார்?” என்று கேட்டேன். அவர் சொன்ன எண்ணே தலைப்பாயிற்று. டெஸ்கில் இருந்தவர் கூப்பிட்டுப் பாராட்டினார். புடவையும் மாடும் நோட்டிலேயே தங்கிவிட்டன.

பத்து நாள் கழித்து செஞ்சி பஸ்சுக்கு நின்றிருந்தேன். அவரும் வந்தார்.

“அண்ணே, எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சு. இத்தனாவதுன்னு போட்டிருக்கீங்களே, எனக்கு முன்னாடி இருக்கிறவங்கள்ல ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப என்னையும் தெரியாதுதான்.”

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார், நான் ஏறவில்லை. அந்த எண்ணை இங்கே மறுபடி எழுத மாட்டேன்.

பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறதே என்று நெடுநாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பழைய தண்டனைச் சட்டத்தில் 228அ, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 72. நல்ல சட்டம். அது மறைக்கச் சொன்னது பெயரை. ஆளையே மறைத்தவன் நான்.

எண்ணில் ஒரு வசதி உண்டு. எதிரே உட்கார வேண்டாம், திரும்பப் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குக் கொடுத்த கணக்கு 31,516 வல்லுறவு வழக்குகள். அதை நிமிஷத்தால் வகுத்து, பதினேழு நிமிஷத்துக்கு ஒருத்தி என்று ஒரு கட்டுரையை ஆரம்பித்திருக்கிறேன். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் பெரிய குற்றத்தை மட்டும் எண்ணுவார்கள். வல்லுறவு செய்து கொன்றால் அது கொலைக் கணக்கில் போய்விடும். இந்த நுணுக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் நடந்ததைப் பற்றியும் வருஷா வருஷம் எழுதுவேன். 1992 ஜூன் 20. வல்லுறவுக்கு ஆளான பெண்கள் 18, குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269, தீர்ப்புக்கு முன்பே செத்தவர்கள் 54, 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தவர்கள் 215. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பத்தொன்பது வருஷம் கோர்ட் படியேறி அந்த 215-ஐ வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்த எண் அவர்களுடையது, அதைத் தலைப்பில் போட்டுக் காசு வாங்கியது நான். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். இங்கிருந்து திருவண்ணாமலை போய் மாறினால் அரை நாள் பயணம். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

எங்கள் மாவட்டத்து அத்தியூரில் 1993-ல் ஓர் இருளர் பெண்ணுக்குப் புதுச்சேரிப் போலீசார் செய்த கொடுமையை நான் எழுதியதே இல்லை. 2006-ல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு பேரைத் தண்டித்தது, 2008-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஒரே ஒருத்தி. எண் போட வழியில்லாததால் அது எனக்குச் செய்தியாகவே படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பாதி வாக்குமூலம். எங்கள் உறவிலேயே ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. வீட்டுப் பெரியவர்கள் என்னைத்தான் கேட்டார்கள், பத்திரிகைக்காரன் ஆயிற்றே. “புகாரெல்லாம் வேணாம், நாளைக்கே பேப்பர்ல வந்துடும்” என்று சொன்னேன். எப்படி வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காப்பகத்தின் எந்த வருஷத்து எண்ணிக்கையிலும் அவள் இல்லை. இருபது வருஷம் ஊரார் வீட்டுப் பெண்களை எண்ணியவன், எங்கள் வீட்டுப் பெண்ணை எண்ணவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவளிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.

களத்தில் பேசிய அந்தப் பெண் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். அவர் சொன்ன நாலு பக்கமும் என் பீரோவில் இருக்கின்றன. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்து மூன்று முறை அந்த ஊர் நிறுத்தம் வரை போனேன். மூன்று முறையும் அதே பஸ்சில் செஞ்சிக்குப் போய்விட்டேன்.