உறையின்மேல் ஒரு பெயர்

எங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் சென்ற தை மாதத்தில் அச்சாகி வந்தது. அன்றிரவு கூடத்தில் அமர்ந்து உறைகளின்மேல் பெயர் எழுதலானோம். உறவினர் நீங்கலாக, நண்பர்கள் என்ற வகையில் 62 பேர் தேறினர். அத்தனை பேரும் தமிழர். பொம்மசந்திராவில் நாங்கள் குடியேறியது 1994இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கன்னட நாட்டில் வாழ்ந்தும், நண்பர் என்று எழுத ஒரு கன்னடர் பெயர்கூட எங்கள் நினைவுக்கு வரவில்லை. அன்பர்கள் தத்தம் வீட்டு அழைப்புப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

பகைமை இதற்குக் காரணமன்று, வசதியே காரணம். தொழிற்சாலையில் ஒடியரும் பீகாரியரும் கன்னடரும் எங்களோடு ஒரே இயந்திரத்தின்முன் நிற்பர். உணவு மணி அடித்ததும் மொழிக்கொரு மேசையாகப் பிரிந்துவிடுவோம். சீட்டுக் கட்டுவது தமிழரோடு. பொங்கல் கரும்புக்கு அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். ஆகவே எங்கள் கன்னடம் கடைக்கும் பேருந்துக்கும் போதுமான அளவில் நின்றுவிட்டது. 1991 காவிரிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டிருந்த அச்சமும் சிறிது உண்டு.

அவ்வாண்டு முதல் மூடிக்கிடந்த அல்சூர் வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் பாவலர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தனர். குடும்பத்தோடு சென்று வள்ளுவரைக் கண்டு மகிழ்ந்தோம். சர்வக்ஞர் யாவர் என்று ஒரு கன்னடரையும் கேட்டோமில்லை.

2016 செப்டம்பர் 12. கலவரச் செய்தி பரவிய மாலையில், எங்கள் ஸ்கூட்டர் தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு வாசலில் நின்றது. அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார், நாங்கள் கேளாமலே, அதைத் தம் வீட்டுப் பின்புறத்துக்குத் தள்ளிச்சென்று பழஞ்சேலையால் மூடிவைத்தார். ஐந்து நாள் அங்கேயே இருந்தது. ஒரு தட்டில் பழம் வைத்துக் கொடுத்தோம். அத்துடன் கணக்குத் தீர்ந்ததென்று எண்ணிவிட்டோம் போலும்! பின்னொரு சமயம் அவர் கணவர் இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். அவர் காலமான அன்றுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. இடையில் இருப்பது ஒரு சுவர்.

அவருக்கென்று ஓர் உறையை எடுத்தோம். பெயர் தெரியவில்லை. மறுநாள் வெற்றுறையோடு போய்க் கன்னடத்தில் தடுமாறத் தொடங்கினோம். அவர் சிரித்து, "தமிழ்லயே சொல்லுங்க அக்கா, எனக்குத் தெரியும்" என்றார். சுவருக்கு அப்பால் கேட்ட எங்கள் பேச்சிலிருந்தே கற்றுக்கொண்டாராம்.

உறையின்மேல் தம் பெயரை அவரே கன்னடத்தில் எழுதினார். எங்களால் படிக்க இயலவில்லை. மகள்தான் படித்துச் சொன்னாள்.