மர்த்துரேயோ - ஒரு கிரேக்க வினைச்சொல்லும் எங்க அத்தையும்

சிவகாசியில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல போனா ஊர் முடியிறதுக்குள்ளயே சாட்சியாபுரம் வந்துடும். எங்க பக்கம் 'சாச்சியாபுரம்'னுதான் சொல்லுவோம். சி.எம்.எஸ். மிஷனரிகள் காலத்து ஊர். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்துவிட்டு வந்த ராக்லண்ட் என்கிற மிஷனரி, 1850-களில் இந்தப் பக்கமெல்லாம் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் 1858-ல் சிவகாசியிலேயே இறந்துபோனார். சின்ன வயசுல அந்த ஊர்ப் பேருக்கு அர்த்தம் இருக்குன்னே எனக்குத் தோணினது கிடையாது. பஸ் ஸ்டாப், அவ்வளவுதான்.

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் இலக்கணம் வரும், கொஞ்சம் குடும்பக் கதை வரும். பொறுத்துக்கோங்க.

2017-ல் பழைய புத்தகக் கடையில் வென்ஹாம் எழுதிய புதிய ஏற்பாட்டு கிரேக்க இலக்கணம் ஒன்று அம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. யாரோ ஒரு இறையியல் மாணவர் பாதி வரைக்கும் பென்சிலில் கோடு போட்டுவிட்டு, மீதியை அப்படியே விட்டிருந்தார். (நானும் அதே பக்கத்துலதான் முதல்ல நின்னேன் :-) அப்புறம் விடாப்பிடியா தாண்டிட்டேன்.) ராத்திரி வேலை முடிஞ்சு வந்து தினம் அரைமணி நேரம். அப்படிப் பிடிபட்ட சொற்களில் ஒன்றுதான் 'மர்த்துரேயோ'. சாட்சி சொல்கிறேன் என்று அர்த்தம். சாட்சி சொல்கிற ஆள் 'மர்த்துஸ்'.

அடிப்படையில் இது கோயில் வார்த்தை இல்லை, கோர்ட் வார்த்தை. பழைய ஏதென்ஸ் நீதிமன்றங்களில் கி.மு. நாலாம் நூற்றாண்டில் சாட்சி பேசவே மாட்டான். அவன் சொல்வது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். குமாஸ்தா வாசிப்பார். சாட்சி மேடையில் நின்று 'ஆமா, இது என்னுடையதுதான்' என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பொய் என்று தெரிந்தால் அவன் மேலேயே தனி வழக்குப் போடலாம். பொதுவாக, பெண்கள் சாட்சியாக நிற்க முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

புதிய ஏற்பாட்டில் இந்த வினைச்சொல் 76 தடவை வருகிறது. அதில் 33 யோவான் நற்செய்தியில் மட்டும். மத்தேயுவில் ஒண்ணு, லூக்காவில் ஒண்ணு, மாற்குவில் ஒண்ணுகூட இல்லை. அந்த 33-ல் ஒன்று, நாலாம் அதிகாரத்தில், கிணத்தடிக்குத் தண்ணி எடுக்க வந்த சமாரியப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவள் ஊருக்குள் போய் சொன்னதைக் குறிக்க, கோர்ட்டில் அவளுக்குக் கிடைக்காத அதே வினைச்சொல்லைப் போட்டிருக்கிறார் யோவான். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

இதுக்கு நாலஞ்சு சொந்தக்காரங்க உண்டு. முன்னால் 'கத்தா' சேர்த்தால் ஒருத்தருக்கு எதிராகச் சாட்சி சொல்வது. 'ப்சூதோ' சேர்த்தால் பொய்ச்சாட்சி. 'சுன்' சேர்த்தால் கூடச் சேர்ந்து சாட்சி சொல்வது. மனச்சாட்சியைப் பற்றிப் பேசும்போது பவுல் ரோமர் நிருபத்தில் இதைத்தான் எடுக்கிறார். செயப்பாட்டு வினையாக வந்தால் 'நல்ல பேர் எடுத்தவர்'. நம்ம ஆட்கள் அதை 'நற்சாட்சி பெற்றவர்' என்று அழகாகச் செய்திருக்கிறார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்புக் கதையும் சுவாரசியம்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715 வாக்கில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, பிறகு பப்ரிசியஸ், ரேனியஸ், 1871-ல் பவர் தலைமையில் வந்த திருத்தம் என்று போகிறது. நாங்க சண்டே ஸ்கூலில் மனப்பாடம் பண்ணினது அந்தக் கடைசி வரிசைதான். அதில் 'சாட்சி கொடுத்தல்'. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'சான்று பகர்தல்'. சாட்சி வடசொல்; உள்ளே 'கண்' இருக்கிறது. கண்ணால் பார்த்தவன்தான் சாட்சி. கிரேக்க மர்த்துஸுக்கு வேர் தேடிப் போன மொழியியல்காரர்களில் ஒரு சாரார் அதை 'நினைவு' என்கிற வேரோடு சேர்க்கிறார்கள். நம்ம 'ஸ்மரணை' இருக்கிறதே, அதோடு. அப்படிப் பார்த்தால் இந்தியாவில் சாட்சி கண்ணில் இருக்கிறான், கிரேக்கத்தில் ஞாபகத்தில் இருக்கிறான்.

(தமிழில் சாட்சிக்கு இன்னொரு பழைய சொல்லும் உண்டு: 'கரி'. 25-வது குறளில் அந்த அர்த்தத்தில்தான் வருகிறது. எங்க ஊரில் கரி என்றால் வெடியுப்பு, கந்தகத்தோடு சேர்த்து அரைக்கிற கரிதான். வள்ளுவர் சிவகாசிக்கு வந்திருந்தா குழம்பியிருப்பார்.)

சரி, அத்தைக்கு வருவோம்.

எங்க அப்பாவோட தங்கச்சி. திருத்தங்கல் பக்கம் வீடு. பதினேழு வயசுல இருந்து பட்டாசு ஆபீஸ்தான். எங்க ஊர்ல கம்பெனின்னு சொல்ல மாட்டாங்க, ஆபீஸ். வெளியூர்க்காரங்க கேட்டா என்னமோ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற மாதிரி நெனச்சுக்குவாங்க. அத்தைக்குத் திரி சொருகுற வேலை. 2009-ல் தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னால அவங்க வேலை பார்த்த ஆபீஸ்ல வெடிச்சது. மூணு பேர் செத்துப்போனாங்க, மூணும் பொம்பளைங்க. அத்தை தண்ணி குடிக்க எந்திரிச்சு தொட்டிப் பக்கம் போனதால தப்பிச்சாங்க. வலது கையில முழங்கை வரைக்கும் தீக்காயம்.

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரில நான் பக்கத்துலயே இருந்தேன், காலேஜ் கடைசி வருஷம் எனக்கு. போலீஸ் வந்து கேட்டப்ப அத்தை கோர்வையா சொன்னாங்க. நாலு பேர் இருக்கவேண்டிய ரூம்ல ஒம்பது பேர் இருந்தோம். ரூம் பத்தாம மரத்தடியிலயும் சாக்கை விரிச்சு வேலை நடந்துச்சு. மருந்து காலையிலயே கலந்தது, மிச்சம் அங்கனயே கெடந்துச்சு. போர்மேன் இல்ல. எழுதிக்கிட்டுப் போனாங்க.

2014-ல் கேஸ் விசாரணைக்கு வந்தது. நான்தான் பைக்ல கூட்டிட்டுப் போனேன். கூண்டில் ஏறி அத்தை சொன்னது: "அன்னைக்கு நான் பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. போலீஸ் என்னைய விசாரிக்கவே இல்ல."

பேப்பர்காரர்கள் இதுக்கு வச்சிருக்கிற பேர் பிறழ்சாட்சி. போலீஸிடம் சொன்னதை வைத்து மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது, கோர்ட்டில் சொல்வதுதான் கணக்கு. கேஸ் நிக்கல. வெளிய வந்து அத்தை, "தம்பி, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, வடை வாங்கித்தா" என்றார்கள். வாங்கிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் மூணு வருஷம் சரியாப் பேசல.

எனக்குக் காரணம் தெரியாமலில்லை. அத்தை மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அத்தையும் மாமாவும் வேறொரு ஆபீஸில் வேலை பார்த்தார்கள், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். செத்த மூணு குடும்பத்துக்கும் ஏதோ பணம் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்தக் குடும்பங்களே வந்து 'இனிமே கெளறாதீங்க' என்று சொன்னதாக அப்பா சொன்னார். எல்லாம் தெரியும். ஆனால் வருஷா வருஷம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அத்தை எழுந்து நின்று சாட்சி சொல்லுவார்கள்: கர்த்தர் என்னைத் தண்ணி குடிக்க எழுப்பிவிட்டார் என்று. அங்கே தெளிவாக வரும் சாட்சி இங்கே ஏன் வரல? அதுதான் என் கோவம். (மத்த மூணு பேருக்கு ஏன் தாகம் எடுக்கலன்னு ஒரு தடவை கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.)

மர்த்துஸ் என்கிற சொல் பின்னால் என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு என் கோவம் இன்னும் புரியும். அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவானையும், வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்திப்பாவையும் 'சாட்சி' என்று சொல்லும் இடங்களில் ரெண்டு பேருமே கொல்லப்பட்டவர்கள். ரெண்டாம் நூற்றாண்டு நடுவில் ஸ்மிர்னா பேராயர் பொலிகார்ப்பின் மரணத்தை எழுதும்போது அந்தச் சொல்லுக்குச் 'செத்தவன்' என்கிற அர்த்தம் கெட்டிப்பட்டுவிட்டது. இங்கிலீஷ் மார்ட்டிர் அதுதான். நாம் இரத்தசாட்சி என்றோம். கத்தோலிக்கர்கள் வேதசாட்சி, மறைசாட்சி என்றார்கள். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். இதையெல்லாம் படிச்சிட்டு எங்க அத்தையை அந்தத் தராசுல வச்சேன். உயிரைக் கொடுக்க வேண்டாம், வேலையைக் கொடுத்திருக்கலாமே என்று. மாசச் சம்பளக்காரனுக்கு இப்படி நெனைக்கிறது ரொம்ப சுலபம்.

அப்புறம் யோவான் 19:35. சிலுவையில் ஈட்டியால் குத்தினதும் ரத்தமும் தண்ணியும் வந்ததைச் சொல்லிவிட்டு, இதைப் பார்த்தவன் சாட்சி சொல்கிறான் என்று வரும் இடம். நம்ம பழைய மொழிபெயர்ப்பில் நிகழ்காலத்தில் இருக்கும். கிரேக்கத்தில் 'மெமர்த்துரேக்கென்'. இது சாதாரண இறந்தகாலம் இல்லை. செய்து முடித்தாகிவிட்டது, ஆனால் செய்ததன் விளைவு இன்னும் அப்படியே நிற்கிறது என்று சொல்லும் காலம். 'பார்த்தவன்' என்பதும் அதே காலத்தில்தான். இங்கிலீஷ்காரன் இதுக்கு முக்கி முக்கி விளக்கம் எழுதுகிறான். தமிழில் நமக்கு ஒரு பிரச்சினையும் இல்லை: பார்த்திருக்கிறவன் சாட்சி சொல்லியிருக்கிறான். 'இருக்கிறான்' போட்டால் முடிந்தது.

போன ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. இருபத்திரெண்டு, இருபத்திமூணு வயசிருக்கும். செத்துப்போன மூணு பேரில் ஒருத்தரோட மகள். அம்மா சாகும்போது ஒண்ணாங்கிளாஸாம். அடுத்த மாசம் கல்யாணம், பத்திரிக்கை வைக்க வந்திருந்தது. வச்சிட்டுப் போகல. "பெரியம்மா, எங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. அப்பாகிட்ட கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாரு" என்றது.

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீயும் உக்காருப்பா" என்றார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல சொன்னாங்க. நாலு பேர் ரூம்ல ஒம்பது பேர், மரத்தடி, சாக்கு, மிச்ச மருந்து, போர்மேன் இல்லாதது. ஆஸ்பத்திரியில் சொன்னதில் ஒன்றும் மாறவில்லை. அன்னிக்குச் சொல்லாததும் வந்தது: அந்தப் பொண்ணோட அம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்க, மத்தியானம் என்ன கொழம்பு கொண்டு வந்திருந்தாங்க, தண்ணி குடிக்க எந்திரிச்சப்ப "எனக்கும் ஒரு செம்பு கொண்டாக்கா"ன்னு சொன்னது. அந்தச் செம்பு கையில இருக்கும்போதுதான் வெடிச்சிருக்கு.

கடைசியில் அத்தையே சொன்னார்கள். "இதை நான் கோர்ட்டுல சொல்லல. பாக்கலன்னு சொல்லிட்டேன். உங்கம்மாவுக்கு நான் செஞ்சது அது. அதையும் நீ தெரிஞ்சுக்கணும்."

அந்தப் பெண் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அத்தையோட வலது கையைப் பிடித்து முழங்கை வரைக்கும் பார்த்தது. காப்பி குடித்துவிட்டு, "கல்யாணத்துக்கு மொத நாளே வந்துருங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனது.

ராத்திரி அத்தையிடம் கேட்டேன், இதை எழுதலாமா என்று. கிரேக்கம், காலம், வினைச்சொல் எல்லாம் விளக்கிப் பார்த்தேன். பாதியிலேயே வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்கள். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எழுதிக்கோ. ஆபீஸ் பேரு போடாத, எம்பேரும் போடாத. ஆனா நான் கோர்ட்டுல சொன்னது பொய்யின்னு மட்டும் வெட்டிறாம போடு."