எங்க அம்மாவும் ஒரு தலைவர்தான்!

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது செயலாளர் மூன்று வாரமாக விரட்டினார். எனக்குக் கவிதை வராது. காதலைப் பற்றி எழுத நம்ம சிவில் பிரிவிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். திட்டுவதானால் மெஸ்ஸில் வந்து திட்டுங்கள் நண்பர்களே!

எனக்குப் பண்ணைப்புரம். சொன்னவுடனே "இளையராஜா ஊரா? ஒரு பாட்டுப் பாடு" என்பீர்கள். முதல் வருஷம் சீனியர்கள் பாட வைத்தார்கள். இரண்டு வரியில் அவர்களே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் பாட்டு வந்த அளவுக்கு எங்கள் வீட்டுக்குப் படிப்பு வரவில்லை. அப்பா பள்ளிக்கூட வாசலோடு சரி. அம்மா மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவர். மகளிர் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடவே பழகினார். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, கேரளா பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போய், பொழுது சாய வீடு திரும்புவார். பாலிடெக்னிக் வாசலை மிதித்தது எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள்.

2022-ஆம் வருஷம் நான் பத்தாம் வகுப்பு. தங்கச்சி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் வேண்டாம், எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்த வருஷம் அது. "பாப்பா பள்ளிக்கூடத்துல கூட்டமாம்" என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போன அம்மா, சாயங்காலம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை.

"தம்பி, என்னையத் தலைவராக்கிட்டாங்கடா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிரித்த எனக்குச் சட்டம் தெரியாது. 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் 2022-இல் 20 பேர் கொண்ட குழு, அதில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய் என்று வைத்தார்கள். எங்கம்மா தலைவரானது யாரும் போட்ட பிச்சை இல்லை. வேறு யாரும் முன்வராததாலும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகள் ஜில்லா போர்டு கையில் இருந்தன. 1958-இல் வந்த பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போயின. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்த ஆசிரியர்களை அரசு ஊழியர் ஆக்கினார்கள். போர்டில் மட்டும் இன்றைக்கும் 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்று இருக்கிறது. இத்தனை கை மாறியும் பிள்ளையைப் பெற்றவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் பெஞ்சு, நாற்காலி, நிலம் என்று அள்ளிக் கொடுத்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் அன்றைக்கு ஊரிடம் கேட்டது நன்கொடை. சட்டம் இப்போது கேட்பது முடிவு. ரெண்டும் ஒண்ணில்லை.

ஆனால் எங்கம்மா விஷயத்தில் நடந்தது என்ன தெரியுமா? கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. ஜீப்போ பொழுது சாய்ந்துதான் இறங்கும். கூட்டத்துக்கு வர வேண்டுமானால் ஒருநாள் சம்பளம் போச்சு. நாற்காலி கொடுத்த அரசாணையில் கூலியை யாரும் கணக்குப் போடவில்லை. பல மாதம் கூட்டமே நடக்காது. தீர்மான நோட்டு மட்டும் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வரும். பள்ளிக்கூட ஆள் நின்றுகொண்டே இருப்பார். அம்மா வெங்காயம் அரிந்த கையைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவார். பேனா பிடித்திருக்கும் நேரம் முழுக்க மூச்சு விட மாட்டார்.

ஒருநாள் ராத்திரி நோட்டு வந்தது. லீவுக்கு வந்திருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "என்ன எழுதியிருக்குன்னு வாசிடா தம்பி" என்றார் அம்மா. நான் பார்த்தேன். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு மாற்றியது, குழாய் மாற்றியது, பள்ளி மானியத்தில் செலவு, அங்கீகரிக்கப்படுகிறது. "ஏதோ செலவுக் கணக்கும்மா, போட்டு விடுங்க" என்றேன்.

"கதவா?" என்றார் அம்மா. அந்தக் கதவு கம்பி வைத்துக் கட்டித் தொங்குகிறது என்று தங்கச்சி வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வாள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். அதனாலேயே பாதிப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை.

"கதவு வரட்டும் சார், நான் போட்டுத் தர்றேன்" என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேல்! "பாப்பா அங்க படிக்கிறா. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். எஸ்டிமேட்டிங் பேப்பர் படிக்கிறவன் நான்! அளந்து பார்க்காமல் அளவுப் புத்தகத்தில் எழுதக்கூடாது, எழுதியதைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்களே, அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன். மூன்றாம் வகுப்புப் படித்தவர் அதைச் செய்தபோது, பயந்தது டிப்ளமோக்காரன்.

அப்புறம் உடனே நல்லது நடந்துவிடவில்லை. "தலைவரம்மா மகளா நீ" என்று தங்கச்சியை வகுப்பில் குத்திக் காட்டினார்கள். அவள் நாலு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். ஜீப்பில் வரும் பெண்களே "உனக்கு எதுக்குக்கா பொல்லாப்பு" என்றார்கள். அம்மாவும் இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. பணம் யாரும் தின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. பில்லை முன்னாலேயே எழுதி வேலையைப் பின்னால் செய்வது நம்ம லைனில்கூட உண்டு. ஆனால் மறு மாதம் கூட்டம் நிஜமாகவே நடந்தது. கதவும் வந்தது. பிளாஸ்டிக் கதவு, தாழ்ப்பாள் சரியாக விழுகிறது. அம்மா போய்ப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நோட்டைத் தங்கச்சியை விட்டே எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னாராம்.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது பேச்சு வேறு பக்கம் போனது. 2023 மார்ச் பட்ஜெட்டில், வெவ்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்களே, அது பற்றி. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ் இருப்பவை. எங்கள் பக்கத்தில் இந்த இணைப்புக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. 2024-இல் நீதிபதி சந்துரு குழுவும் பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று சொன்னபோது மறுபடி கிளம்பியது. என் அறை நண்பன் அந்தப் பள்ளியில் படித்தவன். "குற்றப் பரம்பரைன்னு கைரேகை வச்ச காலத்துக் கதைடா அந்தப் போர்டு. அதை அழிக்காதே" என்றான். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்த இன்னொருவன், "உனக்கு அது வரலாறு. எனக்கு, எந்த ஸ்கூல்னு சொன்னதுமே நான் யாருன்னு தெரிஞ்சு போகுது. அந்தப் போர்டு போனாப் போகட்டும்" என்றான். ராத்திரி ஒரு மணி வரை விளக்கு அணையவில்லை. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதனால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "எந்தத் துறையா இருந்தா என்ன, நோட்டை வாசிச்சுக் காட்டுவாங்களா?" என்று கேட்டார்.

சண்டை பெரிய இடத்திலும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம்.ஸ்ரீ திட்டத்தையும் மாநிலம் ஏற்காததால், 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2,152 கோடிக்கு எத்தனை சைபர் என்று எழுதிப் பார்த்தேன். அந்தத் திட்டத்தில் 30-க்கு மேல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷ மானியம் 25,000 ரூபாய். டில்லியும் சென்னையும் கோடியில் சண்டை போட, எங்கள் கதவு அந்த 25,000-க்குள்தான் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் குழுவை மறுபடி அமைத்தார்கள். இப்போது 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குப் பதில், அதே ஜீப்பில் போகும் இன்னொரு அக்கா தலைவரானார். முதல் நாளே வீட்டுக்கு வந்து, "என்னக்கா செய்யணும்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பேனாவை அவங்க கொடுப்பாங்க. நோட்டை நீ கேட்டு வாங்கு" என்றார்.

போன செமஸ்டரில் எனக்கு வருகைக் குறைவு. விளக்கக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ராத்திரி, அம்மா களைத்து வந்த நேரமாகப் பார்த்து, பேனாவையும் தாளையும் நீட்டினேன்.

"வாசிடா தம்பி" என்றார்.

எத்தனை நாள் வரவில்லை, எதற்கு வரவில்லை, போன தடவை விழுந்த இரண்டு அரியர் உட்பட எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியதாயிற்று.