ஜாவாஸ்கிரிப்ட்: வகை பெயருக்கல்ல, மதிப்புக்கு

* சி, ஜாவா பழகியவர்கள் முழிக்கும் இடம் இது. வேரியபிளுக்கு வகை கிடையாது. அதில் இப்போது இருக்கும் மதிப்புக்குத்தான் வகை. 'லெட் வயது = 30' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அதிலேயே "முப்பது" என்று போட்டாலும் ஜாவாஸ்கிரிப்ட் முணுமுணுக்காது. (பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஓடும்.)

* மொத்தம் எட்டு வகை. ஸ்ட்ரிங், நம்பர், பூலியன், அன்டிஃபைண்ட், நல், சிம்பல், பிக்இன்ட். மற்றதெல்லாம் ஆப்ஜெக்ட். அரே, ஃபங்ஷன், தேதி அதில் அடக்கம்.

* ஃபார்மில் விலை 100 என்று அடித்தால் நம் கைக்கு வருவது ஸ்ட்ரிங். நம்பர் மட்டும் ஏற்கும் பெட்டியானாலும் அதன் வேல்யூ ஸ்ட்ரிங்தான். டெலிவரி 50ஐக் கூட்டினால் 10050. தள்ளுபடி 50ஐக் கழித்தால் மட்டும் ஒழுங்காக 50. + குறிக்கு இரண்டு வேலை: ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் ஒட்டிவிடும். − குறிக்கு ஒட்டத் தெரியாது, எண்ணாக மாற்றிக்கொள்ளும். தள்ளுபடியை மட்டும் சோதித்துவிட்டுக் கோடை ஏற்றினால் பில்லில் மாட்டும்.

* நம்பர் என்பது 64 பிட் மிதவைப் புள்ளி எண். 0.1 + 0.2 = 0.30000000000000004. பணத்தைப் பைசாவில், முழு எண்ணாக வைத்துக்கொள்வது உத்தமம். முழு எண்ணும் 9007199254740991 வரைதான் நம்பகம். கன்சோலில் பதினாறு ஒன்பதுகளை அடித்தால் 10000000000000000 என்று வரும். ட்விட்டர் பதிவு எண்கள் நீண்டபோது, 2010இல், அதே எண்ணை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள். கூட்டிக் கழிக்கப்போகாத எதுவும் நம்பர் ஆக வேண்டியதில்லை: போன், பின்கோடு, ஆதார் எல்லாம் ஸ்ட்ரிங்.

* 'டைப்ஆஃப் நல்' கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்கிறது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முன்மாதிரியை எழுதிய காலத்துக் கோளாறு. மதிப்பின் கடைசி பிட்களில் வகைக்குறி, ஆப்ஜெக்டுக்கு 000. நல் முழுக்கச் சுழி, ஆகவே அதுவும் ஆப்ஜெக்ட். திருத்தினால் பழைய தளங்கள் உடையும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

* 2015இல் லெட், கான்ஸ்ட் வந்தன. கான்ஸ்ட் பூட்டுவது பெயரை மட்டும். கான்ஸ்ட் அரேயில் புதிதாக ஒன்றை புஷ் பண்ணலாம். அந்தப் பெயரில் வேறு அரேயை வைக்கத்தான் முடியாது.

* "தமிழ்" என்ற ஸ்ட்ரிங்கின் லெங்த் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணினால் 3. மீனாட்சிசுந்தரம் நமக்கு 9 எழுத்து, லெங்த்துக்கு 16. பெயர்ப் பெட்டிக்கு 15 என்று வரம்பு வைத்தால் கடைசிப் புள்ளி போய் 'மீனாட்சிசுந்தரம' ஆகிவிடுவார். எழுத்தாக எண்ண 'இன்டல்.செக்மென்டர்' இருக்கிறது.

* ஒப்பிட மூன்று சமக்குறி. இரண்டு போட்டால் வகையை மாற்றி ஒப்பிடும். 0ம் காலி ஸ்ட்ரிங்கும் சமமாகிவிடும்.

* ஃபார்மிலிருந்து வந்ததை வாசலிலேயே நம்பராக மாற்றிவிட வேண்டும். மாற்றும் முன் காலியா என்றும் பார்க்க வேண்டும்: காலிப் பெட்டியை நம்பராக்கினால் பிழை வராது, 0 வரும். விலை போட மறந்த பொருள் கடையில் இலவசம்.