படகு யாருக்கு என்று கேட்டார்கள்

நாங்கள் மூன்று பேர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு காலனியில் நான்கு வருடங்களாக வேலை செய்கிறோம். அங்கே 11 குடும்பங்களுக்கு ஏரிதான் சோறு. ஆனால் போன வருடம் வரை ஒருவரிடமும் சொந்தப் படகு கிடையாது. ஆண்கள் பக்கத்து ஊர்க்காரர் படகை எடுத்துப் போய் நண்டு வலை போடுவார்கள். கிடைப்பதில் பாதி படகுக்கு. மீதியை மூன்று பேர் பிரித்துக்கொள்வார்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஒரு நாள் மகளிர் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "ரெண்டு வருஷமா படகுக்குக் குடுத்த பங்கைச் சேத்து வெச்சிருந்தா இன்னேரம் ஒரு படகே வாங்கியிருக்கலாம்" என்றார். குழுக் கடனில் 40,000 ரூபாய் ஒதுக்குவது என்று முடிவானது. படகைத் தேடும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது மாணவத் தோழர்கள் கேட்பதுண்டு: தலித்துகள் மீன் பிடிக்கிறார்களா? பிடிக்கிறார்கள். காலங்காலமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 'மீனவர்' என்பது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள ஒரு சாதிப் பெயரும்கூட. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற எங்கள் காலனி அக்காவின் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்று இருக்கும். அவர் செய்யும் தொழில் எந்தக் காகிதத்திலும் இருக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த இடைவெளியில்தான் பலர் விழுந்தார்கள். நிவாரணம் 'மீனவர் குப்பங்களுக்கு' போனது. உப்பங்கழியில் வலை வீசியவர்களும், அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர்களும், கூடை சுமந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களாகவே பல இடங்களில் கணக்கில் வரவில்லை. படகு இழந்தவருக்குத்தான் படகு என்றார்கள். படகே வைத்திருக்க விடப்படாதவர் எதை இழந்ததாகக் காட்டுவது?

பழவேற்காட்டில் இதற்கு மேல் 'பாடு' என்று ஒன்று இருக்கிறது. ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களைக் குறிப்பிட்ட சில ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. கொச்சியிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இதுபோல உண்டு. ஏரியைச் சூறையாடாமல் பங்கிடும் அருமையான மரபு என்று ஆய்வாளர்கள் பாராட்டுவார்கள். சமூகவியல் படித்த நாங்களும் அதைப் பாராட்டித்தான் தேர்வு எழுதினோம். சீட்டுக் குலுக்கும் இடத்தில் உட்காரவே உரிமை இல்லாதவர்கள் அந்தப் பாடத்தில் ஒரு பத்திதான்.

புதுப் படகு ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். 2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீத மானியம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 60 சதவீதம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் போன அலுவலகத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை கேட்டார்கள். சங்கத்தில் கேட்டால், ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் சேர்க்கலாம் என்றார்கள். ஊர் எது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தச் சண்டை தனியாக நடக்கிறது. அது முடியும்வரை பாதி மீனைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

பழைய படகுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, அவற்றைச் செய்யப் புதுப்புது பட்டறைகளும் முளைத்தன. கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் படகுக்காரர்களிடம் கேட்டோம். விலை, இன்ஜின், வலை எல்லாம் பேசி முடித்த பிறகு அந்தக் கேள்வி வரும்: "படகு யாருக்கு? எந்த ஊரு?" ஊரைச் சொன்னதும் ஒருவருக்குத் திடீரென்று மச்சான் ஏற்கெனவே கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் 28,000 சொன்ன படகு, நாங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் 45,000 ஆகிவிட்டது. ஆறு இடங்களில் ஆறு விதமான மரியாதையான பதில்கள். 'முடியாது' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. புகார் எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இருக்காது.

கடைசியில் ஒரு சிறிய பட்டறைக்குப் போனோம். ஓலைக் கொட்டகை, படகு வார்க்கும் அச்சு ஒன்று, ரெசின் டிரம் இரண்டு, மேஸ்திரியும் இரண்டு பையன்களும். புதுப் படகு வாங்குபவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழசைச் சரிசெய்து விற்பார். இந்த முறை குழுவிலிருந்து இரண்டு அக்காக்களும் வந்திருந்தார்கள். மேஸ்திரி ஊரைக் கேட்டார், சொன்னோம், தலையை ஆட்டிவிட்டுப் பட்டறையின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அவரிடம் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், யாருக்காவது உதவும். "புதுசா பெயிண்ட் அடிச்ச படகை நம்பாதீங்க தம்பி" என்றார். ஓர் உள்ளங்கை அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. சிலந்தி வலை மாதிரி விரிசல் தெரிந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது, உள்பக்கமும் பார்க்க வேண்டும். உள்ளே மேட் நூல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் ரெசின் போதவில்லை. இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் மரம் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உளுத்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது, அழுத்தினால்தான் தெரியும். நான்கு பேர் தூக்கிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி கனத்தால் உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது. கடல் படகாக இருந்தால் பதிவுத் தாளை உங்கள் பெயருக்கு மாற்றித் தராமல் பணம் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு 18 அடிப் படகு கிடைத்தது. அணியத்தில் ஓர் ஒட்டு, மற்றபடி நாணயத்துக்குக் கணீரென்றது. 32,000 சொன்னார், அக்கா 29,000-க்கு இறக்கினார்.

அதன் பிறகுதான் மேஸ்திரி தன் நிபந்தனையைச் சொன்னார். ராத்திரியில் எடுத்துப் போக வேண்டும். ரோடு வழியாகப் போக வேண்டும், தண்ணீர் வழியாக வேண்டாம். தன்னிடம் வாங்கியதாகச் சொல்லக் கூடாது, ரசீதும் தரமாட்டார். அவரைக் கெட்டவர் என்று எழுத எங்களுக்கு மனமில்லை. ஒட்டு வேலைக்கு வரும் படகெல்லாம் ஏரிக்கரை ஊர்களுடையது, அவர்கள் நிறுத்தினால் கொட்டகை மூடிவிடும். ஆனால் ரசீது இல்லாத படகு காலனிக் கரையில் நின்றால், திருட்டுப் படகு என்று எவரும் எந்த நாளும் சொல்லலாம். எங்கள் பையன்கள் ஸ்டேஷனில் உட்கார அது போதும்.

"அண்ணே, கேஸு வந்தா நீங்க வந்து சாட்சி சொல்லுவீங்களா?" என்று அக்கா கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. "அப்ப எழுதிக் குடுங்க" என்றார் அக்கா. பணத்தை முந்தானையிலிருந்து எடுக்கவேயில்லை. கால் மணி நேரம் போல யாரும் பேசவில்லை, ஒரு பையன் மட்டும் மேட் வெட்டிக்கொண்டிருந்தான். பிறகு மேஸ்திரி பில் புத்தகத்தை எடுத்து நீளம், விலை, தேதி, வாங்கியவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊர் பெயர் போடும் கோட்டைக் காலியாக விட்டார். அதை அப்படியே வாங்கிக்கொண்டோம்.

ராத்திரி எடுப்பதா என்று காலனியில் பெரிய வாக்குவாதம். வயதானவர்கள், படகு வந்து சேர்ந்தால் போதும் என்றார்கள். இளைஞர்களுக்கு அது ஆறவில்லை. திருடன் மாதிரி ஏன் வர வேண்டும் என்றார்கள். நாங்கள் பகல் பக்கம்தான், ஆனால் ஓட்டுப் போடவில்லை. அடி விழுந்தால் அவர்கள்மேல்தான் விழும். மகளிர் குழு முடிவு செய்தது: ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி, மினி லாரி, அக்காக்களும் லாரியில். முக்குட்டு டீக்கடையில் ஒருவர் கேட்டார், "யாருக்கு இது?" "எங்களுக்குத்தான்" என்றார் அக்கா. லாரி நிற்கவில்லை.

படகு வந்து எட்டு மாதம் ஆகிறது. படகுப் பங்கு இப்போது குழுவுக்கு வருகிறது, கடனில் ஏழு தவணை கட்டியாயிற்று. பாடு இடங்கள் பக்கம் வரக்கூடாது என்று மூன்றாம் நாளே சொல்லி அனுப்பினார்கள். இவர்கள் முன்பும் ஆழமில்லாத பக்கம்தான் நண்டு வலை போட்டார்கள், இப்போதும் அங்கேதான். பொது இறங்குதுறையில் கட்டவிடவில்லை. 1892-க்குப் பிறகு பஞ்சமி நிலம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் நிலத்துக்குப் போக வழியில்லாமல் நின்றார்கள் என்பது அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தது. காலனிக்குப் பின்னால் உள்ள ஓடையில் கட்டுகிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் 200 அடி சேற்றில் இழுக்க வேண்டும், இழுப்பதில் அடிப்பக்கம் தேய்கிறது. ஓடையில் ஒரு படித்துறை கேட்டு 11 குடும்பங்களும் கையெழுத்திட்ட மனுவை இரண்டு முறை கொடுத்தாயிற்று. மூன்றாவது மனுவோடு ரசீதின் நகலையும் இணைத்திருக்கிறோம்.